மூன்றாவது வரிசையில் அக்கா

விபத்தில் அடிபட்டவரை அவசரப் பிரிவின் வாசலில் இறக்கும்போது சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் "என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். அக்கா மட்டும் "எங்க குந்தினு இருந்தாரு?" என்று கேட்பார்.

டிரைவர் சீட்டிலா, அதற்குப் பக்கத்திலா, பின்னாலா, ஜன்னலோரமா. கூட வந்தவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். சிலர் எரிந்து விழுவார்கள். அக்கா விடமாட்டார். அவர் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைத்து, ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. செலியமேட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் போர்ஷனில் ஐந்தாறு வருடம் குடியிருந்தார். சொந்த ஊர் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். கணவர் எங்கள் ஊர்க்காரர். அவர் இறந்த பிறகும் அக்கா கடற்கரைக்குத் திரும்பிப் போகவில்லை.

"யாரு மேல தப்புன்றத போலீசு பாத்துக்கட்டும் தம்பி. எங்க குந்தினு இருந்தான்னு தெரிஞ்சாத்தான் எங்க அடிபட்டிருக்கும்னு தெரியும்" என்பார்.

ஒருமுறை ஓர் இளைஞன் தானாகவே நடந்து உள்ளே வந்தானாம். நெற்றியில் சின்னச் சிராய்ப்பு. மருந்து போட்டு அனுப்பிவிடலாம் என்று இருந்திருக்கிறார்கள். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். வண்டியை ஓட்டியவன் அவன்தான், பெல்ட் போடவில்லை, ஸ்டியரிங் வளைந்துவிட்டது என்று தெரிந்ததும் நேராக டியூட்டி டாக்டரிடம் போய், "அவன் வயித்த ஒருக்கா பாருங்க சார்" என்றாராம். ஸ்கேனில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த வார்டில் அக்காவின் கேள்விக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரும்போதே, "எங்க உட்கார்ந்திருந்தாங்க ஆயாம்மா?" என்று நர்சுகளே கேட்பார்களாம். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு பெருமை வரும். தரை துடைக்கிறவர் என்று யாராவது சொன்னால் கோபப்பட மாட்டார். கேஷுவாலிட்டியில் தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்று அவர் நம்பினார்.

பழகுவதற்கு எளிதான மனுஷி என்று சொல்லமாட்டேன். தண்ணீர் மோட்டாரைப் போடுவதில் என் மனைவி செல்வியோடு வாரம் ஒரு சண்டை. என் மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது, பந்தியில் உட்கார்ந்து, முதல் நாள் வந்த ஒரு கேஸின் முழங்கால் எப்படி இருந்தது என்று சொல்லி நான்கு பேரை இலையிலிருந்து எழுப்பிவிட்டார். பாகூர் பஸ் ஸ்டாண்டில் கடைசி வரிசை மட்டும் காலியாக இருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். அங்கேயே ஒருநாள், நின்றிருந்த யாரோ ஒருவருடைய காரின் கண்ணாடியைத் தட்டினார். முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்திருந்த பெண்ணிடம், "பின்னாடி போயி குந்தும்மா. இடிச்சா உனக்கு அந்தப் புள்ளதான் பஞ்சு மூட்ட" என்றார். கணவன் இறங்கி வந்து கத்தினான். அக்கா தன் பாட்டுக்கு நின்றார். கடைசியில் அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள். நான் பஸ் ஸ்டாண்டின் மறுபக்கம் அவரைத் தெரியாதவன் போல நின்றுகொண்டிருந்தேன்.

நாங்கள் வேன் வாங்கினது அதற்கு அடுத்த வருடம். ஏழு பேர் போகிற சின்னக் குடும்ப வேன். முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு பேர் உட்காரக் குட்டியாக ஒரு சீட். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தெருவே நிறத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அக்கா ஒவ்வொரு சீட்டாக ஏறி உட்கார்ந்து பார்த்தார். கையை விட்டுத் துழாவினார்.

"ஏழு சீட்டுக்கும் பெல்ட்டு வெச்சிருக்கறான் தம்பி. நல்ல வண்டி" என்றார்.

தெருவில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் ஒன்றில் கிளார்க். செல்வி கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். மகள் கயல், மகன் நித்திஷ் இருவரும் அதே பள்ளியில் படித்தார்கள். போகிற வழியில்தான் அக்காவின் ஆஸ்பத்திரி. அதனால் காலையில் எங்களோடு வந்தார். ஆரம்பத்தில் செல்வி முன்னால் உட்கார்ந்தாள், அக்கா பிள்ளைகளோடு நடுவில். அக்கா ஏறியதும் முதல் வேலையாகப் பிள்ளைகளுக்குப் பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத் தனக்கும் மாட்டிக்கொள்வார். அந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு விஷயங்கள் செய்தேன். முதலாவது, வண்டிக்கு சீட் கவர் தைத்துப் போட்டேன். காப்பிக் கலரில், ஓரத்தில் வெள்ளைத் தையல் போட்டது. தைத்தவன் கடைசி வரிசை சீட்டின் பெல்ட்டுகளைக் கவருக்கு உள்ளேயே வைத்து மூடிவிட்டான். "பின்னாடி யார் சார் பெல்ட்டு போடப் போறாங்க, லுக்கு போயிடும்" என்றான். சரி என்றேன்.

இரண்டாவது, ஒரு சாயங்காலம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கள் வேனைப் போன்ற ஒரு வண்டியை ஆய்வுக்கூடத்தில் வேகமாகக் கொண்டுபோய் மோதவிடுகிறார்கள். உள்ளே மனுஷ அளவில் பொம்மைகள். முன்பக்கம் காகிதம் போலக் கசங்கி, டேஷ்போர்டு முன் சீட்டுப் பொம்மையின் முழங்காலுக்கு வந்துவிட்டது. கடைசியில் பாதுகாப்புக்கு இத்தனை நட்சத்திரம் என்று காட்டினார்கள், ரொம்பக் குறைவாக. அதைச் செல்வியிடம் காட்டினேன். வாங்கிய வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

"நான் புள்ளைங்களோட நடுவுல குந்திக்கறேன்" என்றாள் செல்வி.

"அப்போ அக்கா?"

"முன்னாடியா? காலங்காத்தால உங்க பக்கத்துல அவங்கள குந்தவெச்சிக்கினு போனா ஊர்ல இன்னா பேசுவாங்க? பின்னாடி சீட்டு சும்மாதான இருக்குது. அந்த ஆஸ்பத்திரி வாடையும் புள்ளைங்களுக்கு ஒத்துக்கல."

பிள்ளைகள் வாடையைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் சரி என்றேன்.

மறுநாளிலிருந்து அக்கா மூன்றாவது வரிசைக்குப் போனார். காலியான முன் சீட்டில் பள்ளிக்கூடப் பைகளையும் சாப்பாட்டுக் கூடையையும் வைத்தோம். அந்தக் கனத்துக்கு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி விடாமல் பீப் பீப் என்று கத்தியது. நான் பெல்ட்டை இழுத்துப் பைகளுக்கு மேலே போட்டு மாட்டினேன். சத்தம் நின்றது. பின்னாலிருந்து அக்கா சிரித்தார்.

"சோத்துக் கூடைக்கு பெல்ட்டு போட்டுட்ட தம்பி. எனக்கு எங்க?"

"பின்னாடிலாம் கேக்க மாட்டான்க்கா போலீசு."

"போலீசுக்கா கேட்டேன்?"

கவருக்குள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுகிறேன் என்றேன். அந்த ஞாயிறு போனது, அடுத்ததும் போனது. அக்கா தினமும் நச்சரிக்கவில்லை. ஒருநாள் மட்டும் ஏறும்போது கையில் பிளேடு வைத்திருந்தார்.

"ரெண்டு எடத்துல கீறினா வந்துரும். நானே கீறிக்கட்டா?"

"வேணாக்கா, கவரு வீணாப்பூடும். தச்சவனையே கூப்ட்டு ஒழுங்கா பண்ணிக்கறேன்."

பிளேடைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வலது கையால் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் நடு சீட்டின் அடியில் முட்டுக்கொடுத்துதான் உட்காருவார். கண்ணாடியில் பார்ப்பேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தக் கை இறங்காது.

கரும்பு வெட்டும் காலத்தில் ஒரு காலை. தூறல் போட்டிருந்தது. பாகூரைத் தாண்டி ஒரு வளைவில், டயர் பஞ்சராகி, கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று பாதி ரோட்டில் நின்றிருந்தது. எதிரே பைக் வந்ததால் என்னால் ஒதுங்க முடியவில்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய் டிரெய்லரின் மூலையில் மோதியது. என் முகத்துக்கு முன்னால் ஏர்பேக் விரிந்து, வெள்ளைப் புகை மாதிரி தூள் பறந்தது.

நான் இறங்கினேன். நடுக் கதவைத் திறந்தேன். செல்வி, நித்திஷ், கயல் மூன்று பேரையும் பெல்ட் பிடித்து வைத்திருந்தது. கயலுக்கு மட்டும் நெற்றியில் ரத்தம். ஒவ்வொருவராகத் தூக்கி ரோட்டோரம் கொண்டுபோய் உட்காரவைத்தேன். கயலின் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, எல்லாரும் பிழைத்துவிட்டோம் என்று செல்வியிடம் சொன்னேன். "எல்லாரும்" என்றுதான் சொன்னேன்.

டிராக்டர்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், உள்ள ஒரு அம்மா இருக்காங்க சார்" என்றார்.

அக்கா பின்னாலிருந்து தூக்கியெறியப்பட்டு நடு சீட்டின் மேலே மோதி, அதன் பின்பக்கம் சரிந்து கிடந்தார். முகம் சீட்டின் தலைப்பகுதியில் மோதித் தாடை உடைந்திருந்தது. வலது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவருடைய முழங்கை பட்டுத்தான் கயலின் நெற்றி கிழிந்தது. முன் சீட்டில் பைகள் வைத்தபடியே இருந்தன. சாப்பாட்டுக் கூடையில் சாம்பார்கூடச் சிந்தவில்லை.

அவர் வேலை பார்த்த அதே வார்டுக்கு, அவர் தள்ளிய அதே ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனோம். வயதான சிஸ்டர் ஒருவர் ஓடிவந்து, "ஐயோ ஆயாம்மா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்தார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், பெல்ட் போட்டிருந்தார்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். சிஸ்டர், இரண்டு ஊழியர்கள், எல்லாரும் பக்கத்தில் நின்றார்கள்.

"பின்சீட்டுல பெல்ட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"போட்டிருந்தாங்களா?"

"அவங்க போடல சார்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். இரண்டு கை தூரத்தில் அக்கா படுத்திருந்தார். தாடையைச் சுற்றிக் கட்டு. பேச முடியாது. என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் சிஸ்டரைப் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கேஸ் என் பக்கம் திரும்பிவிடும் என்ற பயம் ஒன்று. அரசாங்க வேலை. ஆனால் அதைவிட, அத்தனை பேருக்கு முன்னால் கவரைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதுதான் உண்மை. அழகுக்காகப் பெல்ட்டை மூடிவைத்தவன் என்று தெரிந்துவிடக் கூடாது.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வாரக்கணக்கில் உறிஞ்சு குழாயில்தான் சாப்பாடு. செல்வி தினமும் கேழ்வரகுக் கூழை வடிகட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவள் கட்டிலருகே உட்கார்ந்து அழுததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். கயலுக்குக் கட்டு மாற்ற நானும் அந்த வார்டுக்குப் போவேன். சிஸ்டர் எங்களை வரிசையில் நிற்கவிடமாட்டார், முதலில் கூப்பிட்டுவிடுவார். அக்காவின் அண்ணன் வந்து அவரை நல்லவாட்டுக்கு அழைத்துப்போனார். வலது கை முழுசாக மூடவில்லை. துடைப்பத் துணியைப் பிழிய முடியாத கையோடு அந்த வேலைக்குப் போக முடியாது என்று அக்காவே நின்றுகொண்டார். போர்ஷனைக் காலி செய்ய அண்ணன்தான் வந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் நான் போய்ப் பார்க்கவில்லை.

வண்டியைச் சரிசெய்து விற்க முடிவு செய்தபோது, வாங்க வந்தவர் கவர் வேண்டாம் என்றார். நானே கழற்றினேன். பின் சீட்டில் இரண்டு பெல்ட்டுகள் இருந்தன, கம்பெனியில் சுற்றிய பாலிதீன் உறைகூடப் பிரியாமல். கழற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மதியம் நல்லவாட்டுக்கு பஸ் ஏறினேன்.

அக்கா அண்ணன் வீட்டு வாசலில் சாக்கு விரித்து, இடது கையால் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சில் கொஞ்சம் குழறல்.

"கயலு தழும்பு மறஞ்சிச்சா?" என்றார் முதலில்.

லேசாகத் தெரிகிறது என்றேன். அவருடைய முழங்கை பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் நின்றபடியே, மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். கவர், பிளேடு, போலீஸ்காரர். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"நீ சொன்னது கேட்டுச்சு தம்பி. வாய்தான் ஒடஞ்சிருந்துச்சு. காது நல்லாத்தான் இருந்துச்சு."

கருவாட்டை ஒதுக்கிக்கொண்டே பேசினார்.

"கை போனதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லல. ஓசில வர்றவ, எறங்கிக்கறேன்னு எனக்கும் வாய் வரல. நானுந்தான் ஏறிக் குந்தினேன். ஆனா அந்த வார்டுல அத்தினி நாளா ஒவ்வொருத்தன் கிட்டயும் பெல்ட்டு போட்டியா, பெல்ட்டு போட்டியான்னு கேட்டவ நான். அவ போடாம போயி வாய ஒடச்சிக்கினு வந்தாளாம்னு ஆயிடுச்சு. அந்த சிஸ்டரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? கையி சரியாயிருந்தாலும் அங்க போயிருக்க மாட்டேன்."

எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. அவருடைய கையையும் தாடையையும்தான் நான் கெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் இன்னா செய்யட்டும்க்கா?"

"எங்கிட்ட சொன்னத அங்க போயி சொல்லு."

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வார்டு வாசலில் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். மூன்றாவது முறை உள்ளே போய் அந்த சிஸ்டரைக் கண்டுபிடித்தேன். ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்று சத்தமாகவே ஆரம்பித்தேன். பெல்ட்டை நான்தான் கவருக்குள் மூடியிருந்தேன், அவர் கேட்டும் எடுக்கவில்லை, அவர் மேல் தப்பில்லை.

சிஸ்டர் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார்."

"அக்கா சொன்னாங்களா?"

"அது எங்க சொல்லுச்சு? வாயக் கட்டியில்ல வெச்சிருந்தோம். பெல்ட்டு இருந்து அந்த அம்மா போடாம குந்துமா? நீங்க போலீசுகிட்ட சொன்னப்பவே எங்க யாருக்கும் நம்பிக்க இல்ல. இன்னாமோ மறைக்கறீங்கன்னு தெரியும்."

"ஒண்ணும் கேக்கலயே நீங்க."

"பொண்ணு கூட இருந்துச்சு சார். புள்ள முன்னாடி இன்னா கேக்கறது?"

கட்டு மாற்ற வந்த அத்தனை நாளும் அவர்கள் எங்களை முதலில் கூப்பிட்டது, உட்காரச் சொன்னது, மகளுக்கு மிட்டாய் கொடுத்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. என்னை யார் என்று தெரிந்துகொண்டே அதையெல்லாம் செய்திருக்கிறார்கள். நான் சிரித்துப் பேசி, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

அங்கிருந்து நேராக நல்லவாட்டுக்குப் போனேன். படகுகள் கரை சேர்ந்துவிட்டிருந்தன. அக்கா அண்ணியோடு கூடையைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார். ரோட்டிலேயே சொன்னேன்.

"யாரும் நம்பலக்கா. நான் சொன்ன அன்னிக்கே யாரும் நம்பலயாம்."

கூடையைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னது?"

"அந்த வயசான சிஸ்டர்."

"அதுவா சொல்லுச்சு? இன்னான்னு சொல்லுச்சு? அப்பிடியே சொல்லு."

சிஸ்டர் சொன்ன சொற்களை அப்படியே சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். அக்கா அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோதும் அவர் அழுது நான் பார்க்கவில்லை. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். "இத ஒரு வருஷமா யாரும் வந்து சொல்லலயே, அண்ணி" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏதாவது சொல்லலாம் என்று குனிந்தேன். அக்கா தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் அசைத்தார்.

"நீ கெளம்பு தம்பி."

கிளம்பினேன்.